கீழ்த்துறை

அந்த வீட்டில் மூத்த மாப்பிள்ளைக்கு வைத்திருந்த பெயர் மேல்துறை. மனுஷன் குளியலறை என்று நினைத்து அலமாரிக் கதவைத் திறந்தால் போதும், மாமனார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "என்ன மாப்ள, மேல்துறையா கீழ்த்துறையா?" என்பார். வீடே சிரிக்கும். மூத்தவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காத ஆள் ஒருவன்தான், இளைய மாப்பிள்ளை. ஏனென்றால் கீழ்த்துறை என்று ஒரு படகுத்துறையே உலகத்தில் கிடையாது. அதைக் கட்டியவனே அவன்தான்.

கட்டினான் என்றால் கல்லும் மண்ணும் வைத்து அல்ல, வாயாலேயே கட்டினான். கட்டி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு வருஷமாக அது இடியாமல் நிற்கிறது.

அவன் வேலை பார்ப்பது ஒரு பயண அலுவலகத்தில். புதிதாகக் கல்யாணமாகி வெளிநாட்டில் தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு சுற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு, கூட்டம் மொய்க்காத பாதையாகப் பார்த்து, இத்தனை மணிக்கு இங்கே கிளம்பு, இத்தனை மணிக்கு அங்கே சாப்பிடு என்று நாள் வாரியாக எழுதிக் கொடுப்பான். எழுதிய தாளின் கீழே ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை விழும்: 'நாங்களே ஓட்டிப் பார்த்தது'. அந்த முத்திரைக்காகத்தான் ஜனங்கள் அங்கே வந்தார்கள். அவன் எழுதிய பாதைகள் முப்பத்தெட்டு. அவன் நிஜமாகவே ஓட்டிப் பார்த்தது ஏழு. மீதியெல்லாம் பழைய கோப்புகளைப் பார்த்து, தேதியை மாற்றி, ரெண்டு வரியைக் கூட்டிக் குறைத்து எழுதியவை. எல்லோரும் செய்கிறதுதானே என்று அவனும் செய்தான்.

நாலு வருஷத்துக்கு முன் அப்படிப்பட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு தேனிலவுக்குப் போனவர்தான் அந்த மூத்தவர். தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். பன்னிரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஊரில் இருக்கிறவனையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று, ஒரு தடவையாவது பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

நாலாம் நாள் ஒரு ஏரி. பதினொன்றரைக்கு, வண்டியோடு ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற படகு என்று தாளில் இருந்தது. பதினோரு மணிக்கே போய் நின்றார்கள். படகு வரவில்லை. கேட்க ஒரு ஆள் இல்லை. இருந்த ஒரே பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியவில்லை. ஐந்தரை மணி வரை குளிரில் நின்றுவிட்டு, மலைப்பாதையில் திரும்பினார்கள். பனிமூட்டத்தில் ஒரு வளைவு தெரியாமல் வண்டி பள்ளத்தில் இறங்கியது. பெண்டாட்டிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. மிச்ச ஆறு நாளும் ஒரு ஆஸ்பத்திரிக்கு எதிரில், ஜன்னல் இல்லாத அறையில் கழிந்தன.

ஊருக்கு வந்ததும் அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. போனது பெண்டாட்டியின் தங்கை. தாளை எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் எழுதினீங்களா?"

பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். அவன் நாக்கு அவனைக் கேட்காமலே புரண்டது.

"போகாம எழுதுவோமா? உங்க மாமா மேல்துறையில நின்னுட்டார் போலிருக்கு. அங்க ரெண்டு துறை. மேல்துறை பழசு, அங்க படகு நிக்காது. அரைக் கிலோமீட்டர் கீழ இறங்கினா கீழ்த்துறை. நான் அங்கதான் ஏறினேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் சந்தேகமாகப் பார்க்கவும், கீழ்த்துறையில் ஒரு சிவப்பு பெஞ்சைப் போட்டான். பெஞ்சில் பிளாஸ்க் வைத்துக்கொண்டு டீ விற்கிற ஒரு அம்மாளை உட்காரவைத்தான். படகுக்காரனுக்கு ஒரு கால் நொண்டும் நாயைக் கொடுத்தான். சண்டை போட வந்தவள் நாயின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் அவனுக்கு மனசு கேட்காமல் அந்த ஏரிக்கரை ஊருக்குப் போன் போட்டான். ஏரியின் கோடியில், பல மைல் தள்ளி, பாலம் வந்துவிட்டதாம், படகு நின்று ரெண்டு வருஷமாகிறதாம். துறை எப்போதுமே ஒன்றுதானாம். போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கோப்பிலிருந்து கிழித்தான். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

பத்து நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள். "அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் இவன். காலில் விழ வேண்டியவன் இவன். இவன் என்ன செய்தான் தெரியுமா? காபி சாப்பிடலாமா என்று கேட்டான். படுபாவி. அந்தக் காபி இழுத்துக்கொண்டு வந்து இப்போது கல்யாணமாகி ரெண்டு மாசம்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். குழாயில் ஒட்டியிருக்கிற பெயரை ரெண்டு தரம் பார்க்காமல் தொடமாட்டாள். வாழ்க்கையில் அவள் ரெண்டாம் தரம் பார்க்காமல் எடுத்தது இவனை மட்டும்தான்.

இப்போது அவனுக்குச் சகலையாகிவிட்ட மூத்தவரோ, இந்த நாலு வருஷத்தில் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எழுதிக் கொடுத்துப் பணிமனைக்குள்ளேயே டைம் கீப்பராக உட்கார்ந்துவிட்டார். வீட்டுக் காரையும் அவர் பெண்டாட்டி, இவன் மனைவியின் அக்காதான், சரியாக மடங்காத அந்த மணிக்கட்டோடு ஓட்டினாள். சகலை பக்கத்தில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இடதா வலதா என்று கேட்டால்கூட, "நீயே பாத்துக்கோம்மா" என்பார்.

தேனிலவுக்கு லீவு கிடைத்ததும், வந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் வரைபடம் விரிந்தது. நாலு மூலைக்கும் டம்ளர், ரிமோட், மூக்குக் கண்ணாடிக் கூடு, மாமனாரின் பேப்பர்.

"கூட்டமே இருக்கக் கூடாது" என்றாள் மனைவி. "போட்டோ எடுக்க வரிசையில நிக்கற இடம் ஒண்ணுகூட வேண்டாம்."

அவன் வடக்குக் கடலோரத்தைக் காட்டினான். காற்று அடிக்கும் என்றாள். மேற்கே பாறைக் கிராமங்களைக் காட்டினான். பெயரே வாயில் நுழையவில்லை என்றாள். அவளுடைய விரல் நகர்ந்து நகர்ந்து, எங்கே போகக் கூடாது என்று அவன் வேண்டிக்கொண்டிருந்தானோ அங்கே போய் நின்றது.

"இந்த ஏரிதான். நீ சொன்ன அந்த நாயைப் பாக்கணும்."

"எது, நம்ம மேல்துறை மாப்ள கவுந்த இடமா?" என்றார் மாமனார். வழக்கம் போலச் சிரிப்பு. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மனைவி போனில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "என்ன இது, ஒரு துறைதான் காட்டுது."

"சின்ன இடமெல்லாம் அதுல வராது" என்றான். முதல் பொய் பயத்தில் வந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இது பழக்கத்தில் வந்தது.

சகலை எட்டிப் பார்த்தார். "அப்ப மேப்புலயே இல்லையா அது?" முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "சகலை, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே?" என்றார்.

"கேளுங்கண்ணா."

"அந்தக் கீழ்த்துறையில நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அந்தச் சிவப்பு பெஞ்சு தெரியற மாதிரி. எங்க திரும்பியிருக்கணும்னு ஒரு தரம் பாத்துட்டா மனசு அடங்கிடும். கண்ணை மூடினா அந்த ரோடுதான் வருது."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. மாமனார்கூடச் சிரிக்கவில்லை. அவன் டம்ளரை எடுத்தான், வரைபடத்தின் மூலை சுருண்டுகொண்டது, மறுபடி வைத்தான். சரி என்று தலையை மட்டும் ஆட்டினான். வேறு என்ன ஆட்ட முடியும்?

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள், "ஏரின்னாலே ஏன் நெளியற?"

"நெளியலையே."

"நெளிஞ்ச."

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் தன்னுடைய பத்து நாள் திட்டத்தை அச்செடுக்கக் கொடுத்தான். நாலாம் நாளுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் 'ஏரி' என்று மட்டும் போட்டிருந்தான். அச்செடுக்கிற பெண் தாள்களைத் தட்டி அடுக்கி, கை பழக்கத்தில் முத்திரையை மையில் ஒற்றி, ஒவ்வொரு தாளிலும் குத்திக்கொண்டே போனாள்.

"அதுக்கு வேண்டாம்மா" என்றான்.

"மத்தவங்களுக்கெல்லாம் குத்தறோம். உங்க தேனிலவுக்குக் குத்தாம விடுவோமா சார்?" என்று சிரித்தபடி நாலாம் நாளின் மேலும் குத்தினாள்.

ஊதா மை ஏரியின் மேலேயே விழுந்தது. நாங்களே ஓட்டிப் பார்த்தது. அவன் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு வெளியே வந்தான். பணிமனை மூன்று தெரு தள்ளி இருந்தது. அந்த மூன்று தெருவில் நாலு தடவை திரும்பிப் போய்விடலாமா என்று நின்றான்.

சகலை கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வருகிற வண்டிக்கும் போகிற வண்டிக்கும் நேரம் குறித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் விசில். ஒரு கண்டக்டர் கூண்டின் துளையில் வாயை வைத்து, "மேல்துறை அண்ணே, நம்ம வண்டி எத்தனாவது வரிசையில நிக்குது?" என்று கேட்டார். வீட்டோடு போகவில்லை, இங்கேயும் அந்தப் பெயர்தான். அவனுக்கு அங்கேயே நிலத்தில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"வாங்க சகலை, உக்காருங்க. என்ன இந்தப் பக்கம்? போட்டோவை மறந்துடாதீங்க."

"அண்ணா, கீழ்த்துறைன்னு ஒண்ணு கிடையாது."

சகலை எழுதிக்கொண்டே, "கிடையாதுன்னா? எடுத்துட்டாங்களா?" என்றார்.

"எப்பவுமே கிடையாது. நான் அங்க போனதே இல்ல. முதலாளி பின்னாடி நின்னாரு, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

பேனா நின்றது. "அப்ப படகு?"

"நீங்க போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நின்னுபோச்சு."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்குச் சாயங்காலமே."

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. சகலை எழுந்து போய், விசில் ஊதி, அதைப் பின்னால் எடுக்கவிட்டு, அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். நேரம் குறிக்க மறந்துவிட்டார். நாலு வருஷத்தில் அப்படி மறந்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

"என் வீட்டுக்காரி அன்னிக்குக் குளிர்ல நடுங்கிக்கிட்டே சொன்னா, வேற துறை ஏதாவது இருக்கும், போய்ப் பாருங்கன்னு" என்றார். "நான் சொன்னேன், இல்ல, இதுதான் இடம், எனக்கு ரோடு தெரியும்னு. சத்தம் போட்டே சொன்னேன்." பேனாவை மூடி வைத்தார். "நான் சொன்னதுதான் சரி, இல்ல?"

"நீங்க சொன்னதுதாண்ணா சரி."

திட்டியிருந்தால் தேவலை. ரெண்டு அறை விட்டிருந்தால் கோடிப் புண்ணியம். அவர் கண்ணாடிக்கு வெளியே வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"என்கிட்ட சொன்னது போதாது" என்றார் கடைசியில். "நான் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்னைப் பாத்துச் சிரிச்சவங்க முன்னாடி நீங்க சொல்லணும்."

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வர எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் ஐந்து என்று நீங்கள் சொல்வீர்கள். அவனைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வான். வாயெடுத்து வாயெடுத்து மூடினான். மனைவி பெட்டியில் துணி அடுக்கினாள், எந்தச் செருப்பு நல்லது என்று கேட்டாள், அவன் எல்லாம் நல்லது என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிகிற நேரத்தில் சகலை சட்டைப் பையைத் தடவிக் கண்ணாடியைத் தேடினார்.

"மேல்துறையில வச்சீங்களா மாப்ள, கீழ்த்துறையிலயா?" என்றார் மாமனார்.

எல்லோரும் சிரித்தார்கள். சகலை சிரிக்கவில்லை. அவனைப் பார்த்தார்.

அவன் சொன்னான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முதலாளி, சிவப்பு பெஞ்சு, பிளாஸ்க், நாய், அன்று சாயங்காலம் போட்ட போன், கிழித்த பக்கம், எல்லாம். முடித்தபோது மாமனார் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். காலம் முழுக்க வாய் ஓயாத மனுஷனுக்கு அன்று மடிக்கிற வேலைதான் கிடைத்தது.

அக்கா அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பி, "நானும்தானே சிரிச்சேன். கூட நின்ன நானே சிரிச்சேனே" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சகலை அவளுடைய மடங்காத கையை எடுத்து மேஜை மேல் வைத்துத் தன் கையால் மூடிக்கொண்டார்.

மனைவி மட்டும் அசையாமல் இருந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள்கூடச் சொல்லத் தோணலையா?"

"தினமும் தோணுச்சு. நீ போயிடுவியோன்னு பயமா இருந்தது."

"நான் போகலாமா இருக்கலாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்? எனக்கும் சேத்து நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

நீங்கள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, மரியாதை வரும். காபி குடித்த நாலாம் நாளே நீ என்று கூப்பிட ஆரம்பித்தவள். அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள அவனுக்குத் திராணி இல்லை.

மூன்று நாள் ஒரே வீட்டில் பேச்சு வார்த்தை கிடையாது. அவன் சோபாவிலும் அவள் உள்ளேயும் படுத்தார்கள். டிக்கெட்டை ரத்து பண்ணிவிடலாமா என்று கேட்க வாய் வரவில்லை. முதலாளியிடம் போய் ஓட்டிப் பார்க்காத முப்பத்தொரு பாதையையும் சொன்னான். முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு, "ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கப் போறியா? முதல்ல தேனிலவுக்குப் போயிட்டு வா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று அவனுக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

நாலாம் நாள் அவள் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள். "பத்து நாள் லீவை நான் விடப் போறதில்ல. பிளான்ல எதுவும் மாத்த வேண்டாம். நாலாம் நாள் ஏரி. அக்கா சொன்னா, பதினொண்ணுலேர்ந்து அஞ்சரை வரைக்கும் நின்னாங்களாம். நீங்களும் நிக்கறீங்க."

"நிக்கறேன்" என்றான்.

முதல் மூன்று நாளும் அவள்தான் வண்டி ஓட்டினாள். கூட்டமே இல்லாத பாதை என்று அவன் முப்பத்தெட்டு பேப்பரில் எழுதியிருக்கிறான். ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் தேவலை என்று இப்போதுதான் தெரிந்தது. ரெண்டு பேர், ஒரு கார், எதிரே வராத வண்டிகள். வரைபடத்தைப் பார்த்து இடது, வலது என்று அவன் சொல்வான். அவள் ஒவ்வொன்றையும் போனில் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

ஏரிக்குப் பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தார் ரோடு நேராகத் தண்ணீருக்குள் இறங்கி முடிந்திருந்தது. துருப்பிடித்த சங்கிலி ஒன்று குறுக்கே கிடந்தது. பலகையை அவள் போனில் மொழிபெயர்த்துப் படித்தாள். 'படகுச் சேவை நிறுத்தப்பட்டது.' நாலு வருஷத்துக்கு முன் ரெண்டு பேர் ஆறரை மணி நேரம் இதன் அடியிலேயே நின்றிருக்கிறார்கள்.

அவள் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அவன் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்றான். பன்னிரண்டு மணி வரை குளிர் காலில் மட்டும் இருந்தது. ஒரு மணிக்கு முதுகில் ஏறியது. ரெண்டு மணி ஆனபோது, அன்று அக்கா நடுங்கிக்கொண்டு, வேறு துறை இருக்கும் போய்ப் பாருங்கள் என்று சொன்ன இடம் இதுதான் என்று நினைத்தான். தன்னையறியாமல் அரைக் கிலோமீட்டர் கீழே நடந்து பார்த்தான். நாணல், சேறு, தண்ணீர். பெஞ்சும் இல்லை, நாயும் இல்லை. கட்டியவனுக்கே கண்ணில் படவில்லை. அந்தச் சேற்றில் நின்று அவன் கொஞ்ச நேரம் அழுதான். யாருக்காக என்று கேட்டால், சத்தியமாகத் தனக்காக இல்லை.

நாலரை மணிக்கு மேலே வந்து, சங்கிலி, பலகை, தண்ணீருக்குள் இறங்குகிற ரோடு, மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தான். 'அண்ணா, துறை இது ஒண்ணுதான். நீங்க சரியான இடத்துலதான் நின்னீங்க' என்று எழுதிச் சகலைக்கு அனுப்பினான். பதில் வரவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தான். அவர் பார்க்கவே இல்லை.

ஐந்து மணிக்குக் காருக்குள் அவள் போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. கண்ணாடி இறங்கியது. அவள் போனை நீட்டினாள். அக்கா அனுப்பியிருந்தாள்: 'உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, ஏரி போட்டோ அனுப்பினாலும் மாமா இப்ப பாக்க முடியாது. இன்னிக்குத்தான் முதல் நாள், மறுபடி பஸ்ஸை எடுத்துட்டு லைன்ல போயிருக்கார். வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டார். வந்ததும் பாக்கச் சொல்றேன்.'

அவன் அதை ரெண்டு தரம் படித்தான். எழுத்து கலங்கித் தெரிந்தது. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, வண்டிக் கதவில் கை வைத்தான்.

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்றாள் அவள். "நில்லுங்க."

அவன் திரும்பிப் போய்ச் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்றான். கொஞ்சம் கழித்து அவளும் இறங்கி வந்து, நாலடி தள்ளி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.